அயர்லாந்துக்கு எட்டுக் குடைகள்

அரசாங்கத்திடமிருந்து நூறு ரூபாய் வேண்டுமென்றால் நூற்று அறுபது கேட்க வேண்டும். இது மோசடி அல்ல, நடைமுறை. கேட்பவருக்குத் தெரியும், கொடுப்பவருக்குத் தெரியும், இருவருக்கும் நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கும் தெரியும். நிதித்துறையில் உட்கார்ந்திருப்பவர் அறுபதை வெட்டுவார். வெட்டினால்தான் அன்று அவர் அலுவலகத்துக்கு வந்ததற்கு அர்த்தம். வெட்டுவதற்கு எதுவுமில்லாத மதிப்பீட்டை அவருக்கு அனுப்புவது, சாப்பிட வந்தவருக்கு வெறும் இலையைப் போடுவது மாதிரி.

புதுச்சேரி அரசுப் பணியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அலுவலகத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று, கடையில் விசாரித்து, சரியான விலையை எழுதி அனுப்பினேன். வழக்கம்போல் வெட்டி அனுப்பினார்கள். வந்த பணத்துக்குத் தொட்டி கிடைத்தது, மூடி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தொட்டிக்குள் ஒரு காக்கை இருந்தது. அது எத்தனை நாளாக அங்கே இருந்தது என்பதைக் கண்டறியும் நடைமுறை எதுவும் இல்லாததால், அலுவலகமே இளநீருக்கு மாறியது. அதற்குப் பிறகு சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெறும்வரை நான் எதையும் சரியான தொகைக்குக் கேட்டதில்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மகள் அயர்லாந்துக்குப் படிக்கப் போவதை நான் ஒருவனாகவே ஏறத்தாழத் தடுத்து நிறுத்தினேன் என்பதை அடுத்துச் சொல்லப்போகிறேன். படிப்பவர்கள் என் தரப்பையும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா. (என் தரப்பு அவ்வளவுதான். காக்கை மட்டும்தான்.)

என் மகள் கயல்விழி பால் பதனத் தொழில்நுட்பம் படித்தவள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாட்டின் நடுவில், அயர்லாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதாக அறிவித்தாள்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பாகூர் கொம்யூனில் (பஞ்சாயத்து மாதிரி) வெளிநாடு என்றால் பிரான்ஸ். தெருவுக்கு ஒருவருக்காவது பாரீஸில் சித்தப்பா மகன் இருப்பான். அங்கே தக்காளி என்ன விலை, அறை வாடகை என்ன, எந்த ரயிலில் டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்பதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். அயர்லாந்தில் எங்கள் ஊரில் யாருக்கும் யாரும் இல்லை. அது இங்கிலாந்தைத் தப்பாக உச்சரிப்பது என்று நினைத்தவர்களும் உண்டு.

அன்று சாப்பிட வந்திருந்த என் மைத்துனர் சேகர்தான் முதலில் பேசினார். நெட்டப்பாக்கத்தில் கரும்பு வைத்திருப்பவர். என் மனைவி மல்லிகாவின் தம்பி. பிறந்ததிலிருந்து கயலை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். என்னை மாமா என்பார். என்மேல் அவருக்கு அளவுகடந்த மரியாதை. அதனால் என்ன ஆயிற்று என்பது பின்னால் வரும்.

“இன்னா பாப்பா, எங்க வூட்லயே ரெண்டு மாடு கட்டிக் கெடக்கு. அத உட்டுட்டு அயர்லாந்து மாட்டப் பாக்கப் போறேன்ற?”

“மாட்ட பாக்கல மாமா. பாலத்தான் படிக்கப் போறேன்.”

“பாலு எதுலேந்து வருதாம்?”

“வந்ததுக்கு அப்புறம் இன்னா ஆவுதுன்னு படிக்கறேன், போதுமா?”

“காப்பி ஆவும்,” என்றார் சேகர். பிறகு கையை நக்கிக்கொண்டே, “எவ்ளோ செலவாவும்?” என்றார்.

அந்தக் கேள்விக்காகவே நான் ஓய்வு பெற்றுக் காத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

உண்மையில் விடை ஏற்கெனவே கயலிடம் இருந்தது. கல்விக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் உறுதியாகிவிட்டது. அவள் சேமிப்பு கொஞ்சம். என் ஓய்வுக்காலப் பணம் கொஞ்சம். சேகர் அந்த இடத்திலேயே தன் பெயரில் இருந்த வைப்புத் தொகையையும் காட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு மாணவி அங்கே ஓராண்டு வாழக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கமே ஒரு தொகையை நிர்ணயித்திருக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று காட்டினால் போதும். கயல் இதையெல்லாம் தன் கைப்பேசியில் ஒரே திரையில் அடக்கி வைத்திருந்தாள்.

“எல்லாம் சரியா வருதுப்பா. கொஞ்சம் மிச்சம்கூட நிக்குது,” என்றாள்.

மிச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு லேசாக வியர்த்தது. மிச்சம் காட்டுகிற மதிப்பீட்டை உலகத்தில் எந்த அதிகாரியும் சும்மா விடமாட்டார். இவளுக்கு அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். விசா விண்ணப்ப ஆவணங்களை வரிசைப்படுத்தி, நகலெடுத்து, கட்டும் பொறுப்பை அவள் என்னிடம் கொடுத்திருந்தாள். அது மட்டும்தான் என் பொறுப்பு. அதை நான் சற்றே விரிவாகப் புரிந்துகொண்டேன்.

‘செல்வி கயல்விழி — அயர்லாந்தில் ஓராண்டுக் கல்வி — விளக்கக் குறிப்புகளுடன் கூடிய விரிவான செலவு மதிப்பீடு’ என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டுத் தொடங்கினேன். தலைப்பு, துணைத் தலைப்பு, உள்தலைப்பு என்று பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டேன். வாடகையை விசாரித்து அதன்மேல் அறுபது விழுக்காடு ஏற்றினேன், வீட்டுக்காரர் நல்லவராக இல்லாமல் போகலாம் என்பதற்காக. சாப்பாட்டுக்கு எண்பது ஏற்றினேன், கயலுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்காமல் நம் சாப்பாட்டைத் தேடி அலைய நேரிடும் என்பதற்காக. பண்டிகைச் செலவு என்ற தலைப்பில் பொங்கல், தீபாவளியோடு மாசி மகத்தையும் சேர்த்தேன். அவள் அங்கே எந்தக் கடலில் தீர்த்தவாரி பார்ப்பாள் என்பது நிதித்துறை கேட்கும் கேள்வி அல்ல. மூக்குக் கண்ணாடி ஒன்று, மாற்றுக் கண்ணாடி ஒன்று எழுதினேன். (கயல் கண்ணாடி போடுவதில்லை. போட நேரலாம்.)

அந்த நாட்டில் காற்றடித்தால் குடை திரும்பிக்கொண்டு உடைகிறது என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். ஆகவே ஆண்டுக்கு எட்டுக் குடை. பக்கத்தில் ‘தேய்மானம் கருதி’ என்று ஒரு குறிப்பு.

மல்லிகா இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்பது அவள் அனுபவம். காப்பி வைக்க வந்தபோது மட்டும் எட்டிப் பார்த்தாள்.

“இது இன்னாங்க, நடுவுல ரெண்டு தடவ பிளேன் டிக்கெட்டு?”

“குடும்பத்துல அவசரம்னா வந்துட்டுப் போவணும் இல்ல? எதிர்பாராச் செலவு.”

“இன்னா அவசரம்?”

“அதான்... யாருக்காவது முடியாமப் போச்சுன்னா.”

“ரெண்டு தடவயா?”

“ஒரு உத்தேசம்தான்.”

“யாரு யாருன்னு எழுதியிருக்கீங்க?”

“பேர் எழுதல மல்லிகா. ‘நெருங்கிய உறவினர், இருவர்’னு மட்டும்தான்.”

அவள் காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மொத்தம் போட்டுப் பார்த்தேன். எங்களிடம் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. எனக்கு நிறைவாக இருந்தது. எவ்வளவு கடுமையான அதிகாரியாக இருந்தாலும் பாதிக்குமேல் வெட்டமாட்டார். வெட்டியபின் நிற்பது சரியாக எங்கள் கையில் இருப்பது. இப்படிக் கச்சிதமாக அமைவது பணிக்காலத்தில்கூட எனக்கு அபூர்வம்.

சென்னையில் விசா விண்ணப்ப மையத்துக்குப் போனோம். கயல் ஒரு கவுன்டரில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கவுன்டரில் நான் ஆவணக் கட்டை நீட்டினேன். அங்கிருந்த பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“சார், இந்த எஸ்டிமேட் லிஸ்ட்ல கேக்கலையே.”

“தெரியும்மா. கூடுதல் விவரம்.”

“தேவை இல்ல சார். எடுத்துடலாமே.”

“வாங்க மாட்டேன்னா அத எழுத்துல குடுத்துடுங்க.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முத்திரை குத்தி உள்ளே வைத்தாள். நான் வெற்றிகரமாகத் திரும்பி வந்து கயலிடம், “எல்லாம் பக்காவா குடுத்தாச்சு,” என்றேன். அன்று மதியம் அவள் எனக்குச் சாப்பாடும் பாயசமும் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பாயசத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கும்.

விசா மையத்திலிருந்து உறை வந்த அன்று சேகர் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கயல் கத்தரிக்கோலால் உறையை நறுக்கினாள். பாஸ்போர்ட் வந்தது. அதைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். விசா ஒட்டியிருக்க வேண்டிய பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கூடவே ஒரு கடிதம்.

அவள் அதைப் படித்து எங்களுக்காகத் தமிழில் சொன்னாள். போதிய நிதி வசதி காட்டப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விண்ணப்பதாரரின் தந்தை தாமே கையொப்பமிட்டுக் கொடுத்துள்ள விரிவான மதிப்பீட்டின்படி ஓராண்டுச் செலவு இவ்வளவு. காட்டியுள்ள பணம் அதில் பாதிக்குத்தான் போதும்.

கயல் கடிதத்தை மடக்கினாள்.

“இன்னா மதிப்பீடு?”

நான் கரும்புச்சாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா. இன்னா மதிப்பீடு?”

இந்த இடத்தில் நான் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். என் முதல் உணர்ச்சி வருத்தம் அல்ல. எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ மேசைகளுக்கு மதிப்பீடு அனுப்பியிருக்கிறேன். ஒரு ரூபாய்கூட வெட்டாமல், ஒரு வரியைக்கூடச் சந்தேகிக்காமல், நான் எழுதியதை எழுதியபடியே ஒருவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை. ஒரு நொடி பெருமையாகவே இருந்தது.

“எதுக்கு சிரிக்கறீங்க?” என்றாள் மல்லிகா.

“நான் சிரிக்கலையே.”

அலுவலக நகலைக் கேட்டு வாங்கிக் கயல் படித்தாள். (அலுவலக நகல் இல்லாமல் நான் எதையும் அனுப்பியதில்லை. அன்றுதான் அந்தப் பழக்கத்துக்காக முதன்முறையாக வருந்தினேன்.) அவள் நிதானமாக ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

“எட்டு கொடயா?”

“அங்க காத்து ஜாஸ்தி.”

“எட்டு கொடய வச்சிக்கினு நான் இன்னாப்பா பண்ணுவேன்? கட போடவா?”

“அவங்க வெட்டுவாங்க இல்ல?”

“யாரு?”

“பைனான்சு.”

“எந்த பைனான்சுப்பா?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அவங்க நமக்கு ஒரு பைசா குடுக்கப் போறது இல்ல. செலவு பண்ணப் போறது நாம. நம்ம கிட்ட இருக்கான்னு மட்டும்தான் அவங்க கேட்டாங்க. நீ இவ்ளோ வேணும்னு சொன்ன, அவங்க இல்லையேன்னு சொல்லிட்டாங்க. அவ்ளோதான்.”

மறுத்துப் பேச நினைத்தேன். விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நிலைமையை மல்லிகாதான் எனக்குச் சமையலறையில் வைத்து விளக்கினாள். கயல் வேலையை விட்டாயிற்று. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கட்டியாயிற்று. செப்டம்பரில் வகுப்பு. அதற்குள் விசா வராவிட்டால் இடம் போய்விடும். அடுத்த வருடம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. அதற்கு இரண்டே வழிகள். மீதிப் பாதிப் பணத்தையும் காட்டுவது, அல்லது அந்த மதிப்பீடு சரியல்ல என்று சொல்வது.

“மதிப்பீடு சரியல்லன்னு எப்பிடிச் சொல்றது?” என்றேன். “நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அதான் எனக்கும் தெரியல,” என்றாள் மல்லிகா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதனால்தானா என்று நான் கேட்கவில்லை.

வெளியே சேகர் கயலிடம் பேசுவது கேட்டது.

“நீ கவலப்படாத பாப்பா. எங்க மாமா கணக்கு என்னைக்கும் தப்பா போவாது. அவ்ளோ ஆவும்னு எழுதினா அவ்ளோ ஆவும். நாமதான் பத்தாம காட்டிட்டோம். ரோட்டோரம் ஒரு ஏக்கரு இருக்கு. அத ஒரு ஆளு ரொம்ப நாளா கேட்டுனுகிறான். குடுத்துட்டு மீதிய காட்டிருவோம்.”

நான் வெளியே வந்து, “அதெல்லாம் வேணாம் சேகர்,” என்றேன்.

“ஏன் மாமா?”

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் தொகை ஏன் அவ்வளவு என்று சொல்ல வேண்டும். “யோசிப்போம்,” என்றேன். அரசாங்கத்தில் அது மறுப்பைக் குறிக்கும் சொல். நெட்டப்பாக்கத்தில் சம்மதத்தைக் குறிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை சேகர் வந்தார். பின்னால் இன்னொரு வண்டியில் நிலத் தரகர். சேகர் கையில் ஒரு மஞ்சள் பை. தரகர் உட்கார்ந்து, ரோட்டோர இடம், கையில் பணத்தோடு ஆள் இருக்கிறது, இந்த வாரமே முடித்துவிடலாம் என்றார். மல்லிகா டீ போடப் போனாள். கயல் அறைக் கதவருகே நின்றாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சேகரை அல்ல.

நேரம் கடத்துவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“வில்லங்கச் சான்று இருக்கா?” என்றேன்.

“இருக்கு மாமா.” பையிலிருந்து எடுத்தார்.

“பழசா இருக்கும். புதுசு வேணும்.”

“புதுசுதான் மாமா, போன மாசம் எடுத்தது.”

“பட்டா நகல்?”

“இந்தாங்க.”

“அளவு வரைபடம்? நாலு பக்கமும் யாரு யாருன்னு போட்டு?”

“அதுவும் இருக்கு மாமா. நீங்கதான போன வருசம் எல்லாத்தையும் எடுத்து ஒரே பையில வக்கச் சொன்னீங்க? என்னைக்காவது அவசரத்துக்கு ஒதவும்னு சொன்னீங்களே.”

மேசைமேல் காகிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் இருந்தன. குறை சொல்ல ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. என் வாழ்நாளில் நான் வழங்கிய ஆலோசனைகளை முழுமையாகக் கடைப்பிடித்த ஒரே மனிதர், நான் எழுதிய எட்டுக் குடைக்காகத் தன் நிலத்தை விற்க வந்திருந்தார். விசா அதிகாரியும் இவரும், ஆக உலகத்தில் என் எழுத்தை நம்பியவர்கள் இரண்டு பேர்.

தரகர் பேனாவைத் திறந்தார்.

“சேகர்,” என்றேன். “அது எல்லாம் ஏத்தி எழுதினது.”

“எது மாமா?”

“அந்த மதிப்பீடு.”

“எதுல ஏத்தினீங்க?”

“எல்லாத்துலயும்.”

“எவ்ளோ?”

“நூத்துக்கு அறுபது.” தொண்டையைச் செருமிக்கொண்டேன். “சில தலைப்புல நூறு.”

சேகர் என்னைப் பார்த்தார். பிறகு தன் அக்காவைப் பார்த்தார். பிறகு பட்டா நகலைப் பார்த்தார்.

“அப்ப பாப்பா மொதல்ல போன்ல காட்டிச்சே, கொஞ்சம் மிச்சம் நிக்குதுன்னு?”

“அதுதான் சரி.”

“அக்கா சொல்லிச்சே, அந்த ரெண்டு சாவு?”

“அதுவும் ஏத்தினதுதான்.”

“ஒண்ணுதானா அப்ப?” என்றாள் மல்லிகா, டீத் தட்டோடு.

“ஒண்ணும் இல்ல. யாரும் சாவல.”

கயல் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். பிறகு மறுபடி சிரித்தாள். சேகர் காகிதங்களைத் தேதி வரிசை கலையாமல் பைக்குள் வைத்தார். “நல்லவேள மாமா, முன்பணம் வாங்கல,” என்றார். அதற்குமேல் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. (பிறகு சொன்னதற்கெல்லாம் சேர்த்து அன்று சேமித்துக்கொண்டார் போலிருக்கிறது.) தரகர், “அப்ப நான் கெளம்பட்டுங்களா?” என்று கேட்டார். ஆனால் டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மேல்முறையீட்டை நானே எழுதுகிறேன் என்றேன். மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கயல் ஒரே பக்கத்தில் எழுதினாள். கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், அதில் நான் கையெழுத்திட வேண்டும் என்றாள். வரைவைக் காட்டினாள். ‘என் தந்தை நீண்ட காலம் அரசுக் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர். தேவையைவிட அதிகமாக மதிப்பீடு செய்வது அவருடைய பழக்கம். இணைக்கப்பட்ட மதிப்பீடு உண்மையான செலவைக் காட்டுவது அல்ல.’

“பழக்கம்னு போட வேணாமே,” என்றேன். “‘முன்னெச்சரிக்கை’ன்னு மாத்து.”

“முடியாது.”

“‘தாராளமான அணுகுமுறை’?”

“அப்பா, இது விருது இல்ல.”

தணிக்கைக் குழுக்கள் எத்தனையோ முறை வந்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து, என்னிடமிருந்து வாங்க முடியாத வாக்குமூலம் அது. அதை என் மகள் ஒரு காலை நேரத்தில் முடித்துவிட்டாள்.

பத்திரத்தில் சான்றொப்பம் வாங்க வில்லியனூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். (பிரெஞ்சுக்காலப் பெரியவர்கள் இன்னும் நொத்தேர் என்பார்கள்.) சிறிய அறை. எங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள். கையெழுத்திடுபவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. எனக்கு ஆங்கிலம் தெரியும், படித்துக் காட்ட வேண்டியதில்லை என்றேன். முறை என்றால் முறைதான் என்றார். வேறு எவர் அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் பாராட்டியிருப்பேன். அவர் உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கமும் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் கவனமாகக் கேட்டார்கள். முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சார், இது சர்வீஸ்ல இருந்த காலத்துக்கும் சேத்தா? இல்ல, வூட்டு விசயத்துக்கு மட்டுமா?”

“வீட்டு விஷயத்துக்கு மட்டும்,” என்றேன் உடனடியாக.

“தெளிவா இருக்கட்டும்னு கேட்டேன்.” முத்திரை விழுந்தது. பின்னால் இருந்த ஒருவர், “நல்ல மனுசன், ஒத்துக்கினாரு பாரு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் என்ன குற்றம் செய்ததாக அவர் நினைத்தார் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தால் பெரிய தொகையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அந்த வாரங்களில் கயல் மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு எலுமிச்சை மரமும் ஒரு மோட்டாரும்தான் உண்டு. இரண்டையும் நன்றாகவே பார்த்தேன். செப்டம்பர் பிறந்து, வகுப்புகள் தொடங்கி, சில நாள் தாமதமாக வந்தாலும் சேர்த்துக்கொள்வதாகப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்த கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பிற்பகல் கயல் தோட்டத்துக்கே வந்தாள். கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மேல்முறையீடு ஏற்கப்பட்டது என்று இருந்தது.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“எதையாவது சேத்து அனுப்பணும்னு தோணுதா?”

“இல்லை.”

“நல்லது,” என்று சொல்லி என் தோளில் தலையை வைத்தாள். பிறகு பெட்டி கட்ட ஓடினாள். ஒரு குடையோடுதான் போனாள். அது இன்றுவரை உடையவில்லை என்பதை ஒவ்வொரு மழைக்கும் படம் எடுத்து அனுப்பித் தெரிவிக்கிறாள்.

அவள் படிப்பை முடித்து அங்கேயே ஒரு பால் நிறுவனத்தில் வேலையில் இருக்கிறாள். சேகரின் ரோட்டோர ஏக்கரில் கரும்பு நிற்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது, என் சொல்லுக்கு இருந்த மதிப்பைத் தவிர. எங்கள் வீட்டில் இப்போது நான் எதைச் சொன்னாலும் வெட்டித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து இட்லி கேட்டால் மூன்று வருகிறது. அதனால் எட்டுக் கேட்கத் தொடங்கினேன். மல்லிகா அதையும் கண்டுபிடித்துவிட்டாள். எட்டுக் கேட்டாலும் மூன்றுதான். முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனபோது, பத்துக்கு எவ்வளவு வலி என்று அவர் கேட்டார். எட்டு என்றேன். “அஞ்சுன்னு எழுதிக்கோங்க டாக்டர்,” என்றாள் மல்லிகா. அவரும் எழுதிக்கொண்டார். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சேகர் சமையல்காரரைக் கூப்பிட்டு, “எத்தினி பேருக்கு எலன்னு எங்க மாமாவ மட்டும் கேக்காத, ஊருக்கே ஆக்கிப்புடுவ,” என்று சொல்லிவிட்டு, முழுக் கதையையும் தொடங்குவார். அவர் கதையில் குடை இப்போது இருபதாகிவிட்டது. ஏற்றிச் சொல்கிறார் என்று நான் சுட்டிக்காட்டினால் பந்தியே சிரிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கயல் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வேலை, குளிர், புதிதாக வந்த பாலாடைக்கட்டி இயந்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, “நான் இல்லாம தேடுதாப்பா?” என்றாள்.

“அப்பப்ப, கொஞ்சம்,” என்றேன்.

“பத்துக்கு எவ்ளோ?”

“ரெண்டு இருக்கும்.”

மறுமுனையில் அவள் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. ரெண்டில் வெட்டினால் ஒன்றுகூடத் தேறாதே என்று சொல்ல வாயெடுத்திருப்பாள். அதற்குள் மல்லிகா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“அத மட்டும் வெட்டாதடி. அந்த ஒரு விசயத்துலதான் உங்கப்பா கொறச்சி எழுதறாரு.”

எழுந்துபோய்த் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தேன்.